மண்ணில் முகம் செய்வது பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன். விடுமுறை நாட்களில் சனசமூக நிலையத்தின் பின்விறாந்தையில் களிமண்ணில் மனித முகங்கள் செய்கிறோம். நானும், முன்பு என்னிடம் படித்த நான்கைந்து பிள்ளைகளும், ஊர் அம்மாமார் சிலரும். பார்க்க வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். கொப்பி நிறைந்துவிட்டது. கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். பேச்சை எழுத்துக்கு ஏற்பத் திருத்தியது மட்டும் என் வேலை.

ரீச்சர், இது சிலையா, பானையா, படமா? என்னவென்று சொல்வது?

ஒருவரைப் பார்த்தோ நினைத்தோ அவருடைய முகத்தை ஆக்கினால் அது முகவுருவம். தாளில் செய்தால் ஓவியம், மண்ணில் செய்தால் சிற்பம். நாங்கள் மூன்று வகையாகச் செய்கிறோம்: தனித் தலை, தட்டையான ஓட்டில் புடைத்து நிற்கும் முகம், பானையின் வயிற்றில் வளரும் முகம். மூன்றாவதைத்தான் "சிலையா பானையா" என்று கேட்கிறீர்கள். இரண்டும்தான்.

உலர்ந்த மண் தண்ணீர் பட்டால் கரையும். சுட்டபின் கரையாது, அப்போது அது சுடுமண். அதன்மேல் கண்ணாடிபோல் உருகி ஒட்டும் பூச்சைப் போட்டு உயர்ந்த வெப்பத்தில் சுட்டால் நாம் பீங்கான் என்று சொல்கிற வகைக்குள் வரும். நாங்கள் செய்வது பெரும்பாலும் சுடுமண். வசதி அவ்வளவுதான், மண்ணின் நிறத்தை மூடவும் மனம் வருவதில்லை.

சமகாலக் கலை என்றால் விளங்காத கலை என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஒன்றைச் சொல்கிறேன், விளங்குகிறதா பாருங்கள். புரூன் நூரி என்ற பிரெஞ்சுக் கலைஞர் 2013இல் சீனாவில் எட்டுச் சிறுமிகளைப் பார்த்து உருவங்கள் செய்தார். அந்த எட்டு வார்ப்புகளையும் மாற்றி மாற்றிக் கலந்து, சுடுமண் படைவீரர்களுக்குப் பெயர்போன சியான் நகரத்துக் கைவினைஞர்களோடு சேர்ந்து 108 சிறுமிகளை உண்டாக்கினார். பேரரசனுக்குப் படை இருந்தது. பிறக்கவிடப்படாத பெண்பிள்ளைகளுக்கு ஒரு படை. பிறகு அவற்றை 2030 வரைக்கும் என்று மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள். நான் இதைச் சொன்னபோது விறாந்தையில் இருந்த எழுபது வயது ஆச்சி, "புதைத்தது சரி, இடத்தை மறக்காமல் இருக்க வேணும்" என்றார். அவருக்கு விளங்கியது.

வன்னிக்கும் மட்பாண்டத்துக்கும் என்ன தொடர்பு? நாங்கள் வயல்காரர் அல்லவா?

வயல் இருந்த இடத்தில் குளம் இருந்தது, குளம் இருந்த இடத்தில் களி இருந்தது, களி இருந்த இடத்தில் பானை இருந்தது. பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் செய்த கள ஆய்வுகளில் பெருங்கற்காலத்துக் கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. திருக்கேதீஸ்வரத்தைச் சேர்ந்த மாந்தையில் 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் உள்ளூர் மண் ஓடுகளோடு சீனப் பீங்கானும் மேற்காசியக் கலங்களும் வந்தன. ஆக, கடல்கடந்து வந்த பீங்கானை நம் மண்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆட்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறார்கள்.

கிட்டத்துக் காலத்துக்கு வந்தால், ஒட்டுசுட்டானில் கூரை ஓடு செய்யும் தொழிற்சாலை இருந்தது; யுத்தத்தில் நின்றுபோனது. களி இல்லாத இடத்தில் யாரும் ஓட்டுத் தொழிற்சாலை போடமாட்டார்கள்.

எந்த மண் நல்லது? குளத்து மண் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றே இல்லை. ஒரே குளத்தில் தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் ஒரு மண், தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரையில் ஒரு மண். மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். ஈரக் களியைப் பென்சில் தடிப்பில் உருட்டி ஆட்காட்டி விரலில் வளையம் போடுங்கள். வெடிக்காமல் சுற்றினால் உருவம் செய்ய வரும். வெடித்தால் மணல் அதிகம். அடுத்து, ஒரு தகட்டில் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு கீறிக் காயவிட்டுச் சுட்டு அளந்து பாருங்கள். நான் எடுக்கும் மண்ணில் அது ஒன்பது ஆகிறது. முகம் செய்கிறவருக்கு இது முக்கியம்: முப்பது சென்டிமீட்டரில் செய்த தலை இருபத்தேழில்தான் சூளையைவிட்டு வரும். பெரியவரைச் செய்து சின்னவரைப் பெறுகிறோம் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

மூன்றாவது சோதனை வினாகிரி. காய்ந்த மண்கட்டியில் சில துளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கரையோரப் பக்கங்களில் அது பெரும்பாலும் ஊரி, அதாவது சிப்பி, சங்கின் துண்டு. ஊரித்துண்டு 850 பாகை செல்சியஸ் அளவில் நீறாகிவிடும், அதாவது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையைவிட்டு வரும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒரு வாரத்துக்குள் அந்த நீறு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதும். கன்னத்திலிருந்து நகமளவு ஓடு "டிக்" என்று தெறிக்கும். மண்ணைக் கரைத்து நுளம்புவலையில் வடித்தால் பெரிய துண்டுகள் போய்விடும்.

உப்பு வேறு விஷயம். அதை வடிக்க முடியாது. நந்திக்கடல் பக்கத்துக் கமக்காரர் ஒருவர், வீட்டுக் கிணற்றை ஆழமாக்கியபோது வெளியே வந்த மண்ணை ஒரு சாக்கில் கட்டித் தந்தார். கிணற்றுத் தண்ணீர் உவர்த்துப்போய்விட்டது என்றார். அந்த மண்ணிலேயே அவருடைய முகத்தைச் செய்தேன். சுட்டு ஆறியபின் நெற்றியிலும் மூக்குநுனியிலும் வெள்ளையாகப் பூத்தது. துடைத்தேன். மாரியில் மறுபடி பூத்தது. இப்போது துடைப்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் "பூஞ்சணம் பிடித்திருக்கிறது" என்பார்கள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். தண்ணீரைப் பற்றி அதற்குமேல் நான் விளங்கப்படுத்த வேண்டியிருப்பதில்லை.

ஒரு வாளி மண் எடுக்க யாரைக் கேட்க வேண்டும்? டிப்பர் டிப்பராக ஏற்றுகிறவனை யார் கேட்டார்கள்?

டிப்பர்காரனைக் கேட்காததுதான் ஆறுகளின் கரை இடிந்ததற்குக் காரணம். அதே வேலையை வாளியில் செய்ய எனக்கு விருப்பமில்லை. குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ, அந்தக் கமக்கார அமைப்பிடம் முதலில் சொல்லுங்கள். பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சின்னக் குளமென்றால் கமநல சேவை நிலையம். கிராம அலுவலருக்கும் ஒரு வார்த்தை. ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றிக் கிடக்கும்போது வயிற்றுப் பகுதியில், மேல் வண்டலை நீக்கிவிட்டு எடுக்கலாம். குளக்கட்டிலிருந்து ஒரு பிடிகூட எடுக்காதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கட்டு உடையுமோ என்று விடிய விடிய விழித்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. வெடிபொருள் அகற்றி விடுவிக்கப்படாத நிலத்தில், சிவப்புப் பலகை இருக்கிற இடத்தில், ஏன், பலகை விழுந்துவிட்டதோ என்று சந்தேகமான இடத்திலும் மண்வெட்டியை வைக்கவே கூடாது. பயிர் செய்து பழகிய நிலத்திலும் குளத்திலும் மட்டுமே எடுக்கிறோம். ஒருமுறை பிசையும்போது உள்ளங்கையில் ஏதோ குத்தியது. பார்த்தால் துருப்பிடித்த இரும்புச் சிதறல், விரல்நுனி அளவு. அன்று முதல் வடிக்காத மண்ணைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதில்லை.

ஏன் வெடிக்கிறது? நான் செய்த தலை அடுப்புக்குள் துண்டு துண்டாகிவிட்டது.

ஈரம். தடிப்பு. அவசரம். இந்த மூன்றில் ஒன்று, அல்லது மூன்றும்.

வெளியே காய்ந்த தலைக்குள் ஈரம் இருக்கும். நூறு பாகையைத் தாண்டும்போது அது ஆவியாகி வழி தேடும். வழி இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே தலையைக் கட்டியாக வைக்கக்கூடாது. செய்து முடித்து, தோல் இறுகும் பதத்தில் கம்பியால் உச்சியை அறுத்துத் திறந்து, கரண்டியால் உள்ளே தோண்டி, ஒரு விரல் தடிப்புக்குக் கொண்டுவந்து, பிறகு உச்சியைக் களிக்குழம்பு பூசி ஒட்டிவிட வேண்டும். கழுத்தடியில் ஓட்டை கட்டாயம். நிழலில் இரண்டு மூன்று கிழமை. காதும் மூக்கும் முந்திக் காய்ந்து வெடிக்கும். அவற்றை ஈரத்துணியால் மூடி, கன்னம் வந்து சேரும்வரைக்கும் காத்திருக்கச் செய்யுங்கள்.

சுடும்போது முதல் நான்கு மணித்தியாலம் புகை மட்டும். பழைய சூளைக்காரர் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்த அளவு: சூளையின் வாயில் இரும்புத் தகட்டைப் பிடி, அதில் ஈரம் படிவது நிற்கும்வரைக்கும் நெருப்பைக் கூட்டாதே. ஆறவிடும்போதும் அதே பொறுமை. 573 பாகையில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் திடீரென்று சுருங்கும். அந்த நேரத்தில் காற்று அடித்தால் காதிலிருந்து தாடைவரை கீறல் விழும். மாலையில் மூட்டினால் மறுநாள் மதியத்துக்கு முன் நான் சூளையைத் திறப்பதில்லை. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள். வரட்டும்.

காட்டு விறகை எரித்துச் சூளை போட்டுவிட்டுச் சுற்றாடல் பேசலாமா?

நியாயமான கேள்வி. இதைக் கேட்டவர் என் மாணவி ஒருத்தியின் தகப்பனார், வனத்துறையில் வேலை செய்கிறவர். அவர் கேட்ட அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதுவரை நாங்களும் பாலை விறகுதான் எரித்தோம். ஒரு பாலை மரம் வளர எத்தனை தலைமுறை என்று யோசித்தால் ஐந்து தலைகளைச் சுட அதை எரிக்க வெட்கமாக இருக்கிறது.

இப்போது தேங்காய்ப் பொச்சுமட்டை, பனையின் கங்குமட்டை, பனங்கொட்டை ஊமல், வைக்கோல், அரிசி ஆலையில் மலையாகக் கிடக்கும் உமி. உமி வேகமாக எரியாது. உருவங்களைச் சுற்றி அடைத்து மூட்டினால் இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும். 800 பாகையை எட்டுவது கஷ்டம், ஆனால் சுடுமண்ணுக்குப் போதும். மூச்சடைத்து எரிந்த இடம் கறுக்கும், காற்றுப் பட்ட இடம் சிவக்கும். ஒரு முகத்தில் பாதி கறுத்து வந்தால் அதை யாரும் திட்டமிட்டதில்லை. அதற்காக நாங்கள் சுத்தம் என்று சொல்லமாட்டேன். புகை வருகிறது, பக்கத்து வீட்டில் உடுப்புக் காய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட்டுகிறோம்.

மின்சூளை ஒன்று வாங்கினால் எல்லாம் சரிவருமே?

விலையைக் கேட்டிருக்கிறீர்களா? வாங்கினாலும் 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். பாதி சுட்ட தலை பாதி வெந்த சோறு மாதிரி.

இந்தச் சட்டியில் சாப்பிடலாமா? தூசு உடம்புக்குக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

பூச்சில்லாத சுடுமண் சட்டியில் தாராளமாகச் சமைக்கலாம், நம் அம்மம்மாமார் செய்தது அதுதான். பளபளப்புப் பூச்சு வாங்கிப் பூசினால் மட்டும் கவனம். மலிவான பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். புளியும் தேசிக்காயும் அதைக் கரைத்துச் சாப்பாட்டில் விடும். ஈயமற்றது என்று எழுதியிருந்தாலொழிய உண்கலத்தில் பூசாதீர்கள்.

தூசும் உண்மைதான். காய்ந்த களியில் சிலிக்கா இருக்கிறது. நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரல் கெடும். சீனக் கலைஞர் அய் வெய்வெய் 2010இல் லண்டனில் கையால் செய்து வர்ணம் தீட்டிய பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பி, சனம் அதன்மேல் நடக்கட்டும் என்றார். சில நாட்களிலேயே தூசு கிளம்பியதால் நடப்பதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அந்த நிலைமையென்றால் நம் விறாந்தை எம்மாத்திரம். விளக்குமாறு எடுக்காதீர்கள். ஈரச்சாக்கால் துடையுங்கள்.

இது குயவர் வேலை. நீங்கள் ஏன் இதற்குள் கையை விட்டீர்கள்?

முகத்துக்கு நேரே கேட்டவர் ஒருவர்தான். கேட்காமல் நினைத்தவர்கள் நிறைய. ஒரு வேலையைச் சாதியோடு கட்டி, அந்தச் சாதியைத் தாழ்த்தி, பிறகு அலுமினியச் சட்டியும் பிளாஸ்டிக் குடமும் வந்ததும் அந்த வேலையையும் சாகவிட்டோம். இப்போது அதே மண்ணைத் தொட்டு நான் செய்தால் "கலை" என்று கைதட்டுகிறார்கள். இது எனக்கு உறுத்தாமல் இல்லை.

எனக்குக் களி மிதிக்கச் சொல்லித்தந்தவர் சக்கரத்தில் நாற்பது வருடம் இருந்தவர். மேலே சூளைவாய் இரும்புத் தகட்டுக் கணக்கைச் சொன்னவரும் அவர்தான். காட்சிக்கு வைக்கும்போது அவர் வனைந்த பானையில் நான் செய்த முகமென்றால் இரண்டு பெயரையும் போடுகிறோம், கிடைக்கும் காசையும் பாதியாகப் பிரிக்கிறோம். அவருடைய பெயரை இங்கே எழுதவேண்டாம் என்று அவர் சொன்னதால் எழுதவில்லை.

அடையாள அட்டைப் படம் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்து அச்சொட்டாகச் செய்ய முடியுமா?

முன்பக்கம் வரும். பக்கம் வராது. படத்தில் மூக்கு எவ்வளவு நீண்டது, பின்மண்டை எப்படி இருந்தது என்று இல்லை. ஆகவே படத்தை வைத்துவிட்டுப் போகச் சொல்வதில்லை. இருந்து சொல்லச் சொல்கிறேன். மண் ஈரமாக இருக்கிறவரைக்கும் மாற்றலாம் என்பதுதான் இந்த வேலையின் அருமை. கல்லில் இது முடியாது.

ஓர் அம்மா கொண்டுவந்த படத்தில் திணைக்களத்தின் முத்திரை மகனின் இடது கன்னத்தில் குறுக்காக விழுந்திருந்தது. 2009இல் தறப்பாளுக்குள் நனைந்து, ஓரம் உரிந்த படம். நான் முத்திரை இல்லாத வலது கன்னத்தைப் பார்த்து இடதையும் செய்தேன். பார்த்துவிட்டு, "பிள்ளை நல்லாய்த்தான் இருக்கு, ஆனால் இது அவன் இல்லை" என்றார். பிறகு தன் பெருவிரலை நனைத்து வலது காதின் மேல்நுனியைக் கொஞ்சம் முன்னால் மடித்துவிட்டார். பிறந்தபோதே அப்படி மடிந்த காதாம். படத்தில் அதைத் தலைமயிர் மறைத்திருந்தது. அந்த மடிப்பில் அவருடைய விரல்ரேகை பதிந்தது. நான் மெருகு போட்டு அழிக்கவில்லை. சுட்டபின்னும் இருக்கிறது.

காணாமற்போனவருக்கு முகம் செய்தால் செத்துப்போனார் என்று ஒப்புக்கொண்டதாகாதா?

எல்லாக் கேள்வியிலும் கடினமானது இதுதான். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலுக்கு முன்னால், யுத்தத்தில் காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் அம்மாமார் அவர்களுடைய படங்களோடு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்தடுத்துத் தொடங்கியது. அந்தப் படங்கள் எதிலும் மாலை இல்லை. நம் வீடுகளில் மாலை விழுந்த படம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மரணச் சான்றிதழை எடுக்கமாட்டோம் என்றவர்களுக்காக, காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் வேறொரு சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அதையும் வாங்காதவர்கள் இருக்கிறார்கள். தாள் ஒன்றுக்கே இப்படியென்றால் தலை ஒன்றுக்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்.

ஆகவே சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். குடும்பத்தில் தாய், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் வேண்டாமென்றால் செய்வதில்லை. கண்ணை மூடிய முகம் செய்வதில்லை. பீடம் வைப்பதில்லை, பீடம் வைத்தால் அது நினைவுச்சின்னமாகிவிடும். விளக்கு, மாலை, பொட்டு எதையும் முன்னால் வைக்கவிடுவதில்லை. பிறந்த ஆண்டை மட்டும் கழுத்தடியில் கீறுகிறோம், அதற்குப் பிறகு கோடு கிடையாது. ஓர் அம்மா, "அவன் வந்தால் இதைக் காட்டிச் சிரிக்கலாம்" என்று வாங்கிப்போனார். இன்னொரு அம்மா மூன்று நாள் வந்து இருந்து சொல்லிவிட்டு, நான்காம் நாள் வந்து உடைக்கச் சொன்னார். ஈரமாகத்தான் இருந்தது. பிசைந்து உருண்டையாக்கிக் கையில் கொடுத்தேன். காரணம் கேட்கவில்லை.

என் மகனுக்கும் ஒன்று செய்து தருவீர்களா? எவ்வளவு காசு?

மேலே சொன்ன கட்டுப்பாடுகளுக்குச் சம்மதமென்றால் செய்வோம். காசு இல்லை. வரும்போது ஒரு சாக்கு பொச்சுமட்டை கொண்டுவாருங்கள்.

வெளியூர்க் காட்சிக்குக் கொண்டுபோகலாமா என்பதை ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்கிறேன். ஒருமுறை கேட்டுச் சம்மதித்ததை எல்லா முறைக்குமான சம்மதமாக எடுப்பதில்லை. தலைநகரத்தில் ஒரு காட்சிக்கூடத்தார் "கண்ணீர்க் கதை" எழுதி ஒட்டச் சொன்னார்கள். தலைகளை மறுபடி வைக்கோலில் சுற்றி பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்தேன்.

உயிரோடு இருக்கிறவர்களைச் செய்யக்கூடாதா? எப்போது பார்த்தாலும் போனவர்களைத்தானா?

இதைப் பதினாறு வயதுப் பிள்ளை கேட்டாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர்ப் பானைகள் தொடங்கின. காரணம் இன்னும் தீர்க்கமாக நிறுவப்படாத சிறுநீரக நோய், 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனத்துக்கு வந்தது. வவுனியா பக்கத்துக் கமக்காரர்களையும் அது விடவில்லை. கிணற்றுத் தண்ணீரா, வயல் நஞ்சா, வெயிலில் உடம்பு வற்றுவதா என்று ஆராய்ச்சிக்காரர் வாதாடுகிறார்கள். நோயாளி சுத்திகரித்த தண்ணீர்க் கான் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறார்.

பிள்ளைகள் அப்படித் தண்ணீர் சுமக்கிற ஏழு பேரை இருத்தி ஏழு பானைகளில் அவர்களுடைய முகத்தைச் செய்தார்கள். பூச்சுப் போடவில்லை, ஆகவே பானை கசியும். காட்சியன்று ஒவ்வொருவருடைய கிணற்றுத் தண்ணீரையும் அவரவர் பானையில் நிரப்பினோம். அரை மணித்தியாலத்தில் முகங்கள் வியர்த்தன. மாலையாகும்போது கல்லுத் தண்ணீர், அதாவது சுண்ணாம்பு கூடிய தண்ணீர், உள்ள கிணறுகளின் பானைகளில் மட்டும் வெளிப்புறத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரை விழுந்திருந்தது. பானைக்கு உரியவர்கள் ஒருவருடைய பானையை ஒருவர் பார்த்துத் தங்கள் கிணறுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எங்களை மறந்துவிட்டார்கள். நாங்கள் நடத்தியதில் சிறந்த காட்சி அதுதான் என்பது என் எண்ணம்.

இலங்கையில் வேறு யார் இப்படிச் செய்கிறார்கள்? நாங்கள் யாரைப் பார்க்கலாம்?

மண்ணில்தான் என்று தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன் 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், மக்களின் வீடுகளிலிருந்து சேர்த்த சின்னச் சின்னப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார்; பின்பு இடம்பெயர்ந்தவர்களை, இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறவைத்தார். முகமே இல்லாத முகவுருவங்கள் என்று அவற்றைச் சொல்லலாம். ஜஸ்மின் நிலானி ஜோசப் இடம்பெயர்ந்து வவுனியாவில் வளர்ந்தவர். வேலிகளைப் பேனையால் கீறுகிறார். மட்டக்களப்பின் புஷ்பகாந்தன் காணாமற்போதலையும் காயப்பட்ட நிலத்தையும் சேர்த்தே பார்க்கிறவர். வெளிநாட்டில், கோர்ட்னி மாட்டிசன் என்ற அமெரிக்கர் வெளிறிச் சாகும் பவளப்பாறைகளைப் பீங்கானில் செய்கிறார். முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அவருடைய படங்களைக் காட்டினால் விடமாட்டார்கள்.

பிள்ளை உயர்தரத்தில் சித்திரம் எடுக்கப்போகிறாள். வேலை கிடைக்குமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்திலும் தமிழில் படிக்கலாம். ஆசிரியர் வேலை கிடைத்தால் உண்டு. மட்பாண்டத்தை மட்டும் நம்பி வன்னியில் குடும்பம் நடத்துகிற பட்டதாரியை நான் இன்னும் காணவில்லை. இதை மறைத்து உற்சாகப்படுத்த எனக்கு வராது.

நீங்கள் நாலு தலை செய்வதால் மணல் கடத்துவது நின்றுவிடுமா?

நிற்காது. பொலிஸும் பிரதேச செயலகமும் ஊர்ச்சனமும் செய்ய வேண்டியதைத் தலைகள் செய்யமாட்டா. ஆனால் மண்ணுக்காகக் குளத்துக்கு அடிக்கடி போகிறவருக்குக் குளத்தின் உடம்பு தெரியவரும். போன வருடம் இருந்த கரை இந்த வருடம் இல்லையென்பதை எங்கள் பிள்ளைகள்தான் முதலில் கண்டு கமக்கார அமைப்பிடம் சொன்னார்கள். அதன்பிறகு கூட்டம் நடந்தது. நடந்தது என்பதோடு நிறுத்துகிறேன்.

சுடாமல் விட்டால் கரைந்துவிடும் என்கிறீர்கள். பிறகு ஏன் சிலவற்றைச் சுடாமல் குளக்கட்டடியில் வைக்கிறீர்கள்?

சுட்ட மண் திரும்பக் களியாகாது. சுட்டால் குளத்திலிருந்து எடுத்தது எடுத்ததுதான். ஆகவே எடுப்பதில் ஒரு பங்கைச் சுடாமல் திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். பிள்ளைகள் தங்கள் தங்கள் முகத்தையே செய்து, ஐப்பசி மழைக்கு முன்னால் அலைகரையில் வரிசையாக வைப்பார்கள். தண்ணீர் ஏறும்போது குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போவோம். முதலில் மூக்கு போகும். பிறகு உதடு. காது கன்னத்தோடு ஒட்டியிருப்பதால் கொஞ்சம் நின்றுபிடிக்கும். இரண்டாம் நாள் பார்த்தால் வரிசையாகச் சின்னக் கும்பிகள் மட்டும், யாருடையது எது என்று பிள்ளைகளுக்குள் சண்டை.

அடுத்த கோடையில் அதே இடத்தில் மண் எடுத்தோம். ஏற்கெனவே வடித்த மண் அல்லவா, ஒரு கல்கூட இல்லை. பிசைய இலேசாக இருந்தது.